கிளிநொச்சி வன்னியில் இல்லையாம்: வாசித்துப் படிக்கும் கணினி பற்றி

பெப்ரவரி 6, பகல். துணுக்காய்த் தம்பி ஒருவரின் கேள்வி

அண்ணை, நேற்றுப் போனில் இந்தச் செயற்கை நுண்ணறிவிடம் கிளிநொச்சி வன்னியில்தானே இருக்கிறது என்று கேட்டேன். இல்லையாம். வன்னி என்றால் மன்னார், முல்லைத்தீவு, வவுனியா மட்டும்தானாம். மாமிக்கு வாசித்துக் காட்டினேன், அவா கிளிநொச்சியில் பிறந்து வளர்ந்த ஆள், போனைப் பறித்து எறியாத குறை. இணையத்தில் இருக்கிற எல்லாத்தையும் வாசிச்சுப் படிச்ச மெசின் எண்டு பெரிசாச் சொல்லுறாங்கள், இது கூடத் தெரியாதா? முழுக்கப் பம்மாத்து என்பது என் கருத்து. நீங்கள் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கிற ஆள், சொல்லுங்கோ.

பெப்ரவரி 6, இரவு

பம்மாத்து இல்லை தம்பி. அது வாசித்த இடத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. வன்னித் தேர்தல் மாவட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதில் மன்னார், முல்லைத்தீவு, வவுனியா மூன்றும்தான். கிளிநொச்சிக்காரர் வாக்குப் போடுவது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு. ஒவ்வொரு தேர்தலுக்கும் கட்சி, வேட்பாளர், விருப்பு வாக்கு என்று ஆயிரக்கணக்கான செய்திகள் வருகின்றன, அத்தனையிலும் வன்னி என்றால் அந்த மூன்று மாவட்டம். நாங்கள் வாயால் சொல்லும் வன்னி, ஆனையிறவு தாண்டியதும் தொடங்குகிற வன்னி, எழுத்தில் எங்கே வருகிறது? கவிதையில், கதையில், இடம்பெயர்ந்தவர்களின் நினைவுக் குறிப்பில். அங்கேயும் ஒருவரும் 'கிளிநொச்சி வன்னியைச் சேர்ந்தது' என்று ஒரு வசனமாக எழுதுவதில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை யார் எழுதுவார்?

அது வாசித்தது சரி, வாசித்ததை எண்ணியதும் சரி. விடை மட்டும் பிழை. அதனால்தான் இது எனக்குப் பிடித்த கேள்வி, நாளைக்கு ஆறுதலாக எழுதுகிறேன்.

பெப்ரவரி 7

கணினிக்கு உலக அறிவை ஊட்டுவது பழைய ஆசை. 1984இல் டக்ளஸ் லெனற் என்பவர் அமெரிக்காவில் சைக் என்று ஒரு திட்டம் தொடங்கினார். பொது அறிவு முழுவதையும் ஆட்களை வைத்துக் கையால் எழுதிப் போடுவது. பல பத்து வருடம் ஓடியது, முடிந்தபாடில்லை.

மற்ற வழி, அதுவே வாசித்துப் பிடிக்கட்டும் என்று விடுவது. மார்ட்டி ஹேர்ஸ்ட் 1992இல் ஒரு சின்ன விசயத்தைக் கவனித்தார். ஆங்கிலத்தில் 'இன்னது போன்ற' என்று வருகிற வசனங்களை மட்டும் தேடினாலே எது எந்த வகை என்பது தானாக விழும். 'இரணைமடு, வவுனிக்குளம் போன்ற குளங்கள்' என்று ஒரு வரி இருந்தால் போதும், இரணைமடு ஒரு குளம் என்று ஒருவரும் தனியாகச் சொல்லத் தேவையில்லை. பிறகு 1998இல் சேர்கே பிரின், ஆம், கூகிளைத் தொடங்கிய அதே ஆள், ஐந்தே ஐந்து புத்தகங்களின் தலைப்பையும் எழுதியவர் பெயரையும் கொடுத்துவிட்டு, இந்த இரண்டும் சேர்ந்து வருகிற இடங்களில் என்ன வாசக அமைப்பு இருக்கிறது என்று பார்க்க வைத்தார். அந்த அமைப்பைக் கொண்டு புதுப் புத்தகங்கள், அவற்றைக் கொண்டு புது அமைப்புகள். முடிவில் 15,000 புத்தகங்களுக்கு மேல் வந்தன.

இதையே பெரிதாகச் செய்தது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் நெல் (NELL) என்ற நிரல். ரொம் மிற்சல் குழுவினர் 2010 சனவரியில் ஓடவிட்டார்கள், இரவு பகலாக வாசிக்க. (பெயரைக் கேட்டதும் எங்கட வகுப்பில் ஒரு பெடியன் 'சம்பாவா கீரிச்சம்பாவா சேர்' என்றான், இந்த நெல் வேறு.) நகரம், நோய், விளையாட்டு அணி என்று சில நூறு வகைகள், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து உதாரணம், அப்புறம் ஐம்பது கோடி இணையப் பக்கங்கள். அவ்வளவுதான் கையிருப்பு.

அது சறுக்கின கதை பிரபலம். பேக்கரிச் சாமான் வகைக்குள் குக்கி என்ற பிஸ்கற்றை ஒழுங்காகச் சேர்த்தது. இணைய உலாவியில் சேருகிற சின்னத் தகவல் துண்டான குக்கியும் அதே பெயர் என்பதால் அதுவும் உள்ளே வந்தது. 'குக்கியை அழித்தேன்' என்று ஆட்கள் எழுதுகிறார்கள், 'கோப்பை அழித்தேன்' என்றும் எழுதுகிறார்கள். ஆகவே கணினிக் கோப்பும் பேக்கரிச் சாமான். ஒரு பிழை உள்ளே போனால் அது தன் சொந்தக்காரர் எல்லாரையும் கூட்டிவரும். பிறகு மனிசர் உட்கார்ந்து திருத்த வேண்டி வந்தது.

பெப்ரவரி 9

நெல் தமிழ் வாசித்ததா என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த ஐம்பது கோடியும் ஆங்கிலப் பக்கங்கள். தமிழில் செய்யப் போனால் முதல் தொல்லை வேற்றுமை உருபு. மாங்குளம், மாங்குளத்தில், மாங்குளத்துக்கு, மாங்குளத்தால போற பஸ், எல்லாம் ஒரே ஊர் என்பது எங்களுக்கு. எழுத்தை எழுத்தாகப் பார்க்கிற நிரலுக்கு இவை வேறு வேறு.

பெப்ரவரி 12

கதை கேட்டுப் பிள்ளைகள் விடவில்லை. உயர்தரப் பாடத்தில் பைதன் இருக்கிறது, அதை வைத்து ஒன்று செய்து பார்த்தோம். தமிழ்ச் செய்தித் தளங்களில் இருந்து வெள்ளம், குளம் பற்றிய செய்திகளை எடுத்து ஒரே கோப்பில் போட்டோம், பெரும்பாலும் 2018 டிசம்பர் வெள்ளக் காலத்துச் செய்திகள். விதையாக மூன்று பெயர்: இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு. இவற்றுக்கு முன்னும் பின்னும் என்ன வருகிறது என்று நிரலே பார்த்து எடுக்க வேண்டும்.

முதல் சுற்று அழகாக வந்தது. 'வான் கதவுகள் திறக்கப்பட்டன', 'வான் பாய்கிறது', 'குளத்தின் கீழ் சிறுபோகம்' என்ற அமைப்புகளைப் பிடித்து, அக்கராயன், கல்மடு, புதுமுறிப்பு எல்லாம் குளம் என்று தந்தது. நாங்கள் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. பின் வாங்கில் இருந்த பிள்ளை கூட எழும்பி வந்து திரையைப் பார்த்தது.

இரண்டாம் சுற்றில், புதிதாக வந்த குளங்களைச் சுற்றி இருக்கிற வாசகங்களையும் எடுத்துக்கொண்டது. அதில் 'பகுதியில் நீர்மட்டம் உயர்ந்ததால்' என்று ஒன்று. அது பரந்தனைக் கொண்டுவந்தது, மாங்குளத்தைக் கொண்டுவந்தது. சரி, மாங்குளத்துக்குப் பெயரிலாவது குளம் இருக்கிறது என்று விட்டோம். அடுத்த சுற்றில் இடைத்தங்கல் முகாம், நிவாரணம் என்ற சொற்கள் அமைப்புக்குள் வந்தன. கண்டாவளைப் பிரதேச செயலகம் ஒரு குளம் என்று அச்சடித்தது, அதுவும் மேல் வரிசையில், கல்மடுவை விட நிச்சயமாக. ஒரு பிள்ளை சொன்னாள், 'சேர், அந்தக் கிழமை அது குளம்தானே.'

பெப்ரவரி 12, பிந்தி

பக்கவிளைவாக மடுவும் வந்தது. இரணைமடு, கல்மடு இரண்டையும் பார்த்த நிரல் 'மடு' என்று முடிந்தால் குளம் என்று ஒரு விதி தானாகவே வைத்துக்கொண்டது, மடு மாதா கோவிலையும் குளத்துக்குள் இறக்கிவிட்டது. ஓகஸ்ட் திருவிழாவுக்குப் போகிறவர்கள் கவனம்.

பெப்ரவரி 16

இந்தச் சறுக்கலை நிற்பாட்ட நெல் குழு பாவித்த தந்திரம் தடை விதி. நகரம் என்றால் அது ஆள் இல்லை. பிஸ்கற் என்றால் அது மென்பொருள் இல்லை. ஒரு வகைக்குள் போனது மற்ற வகைக்குள் போகக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது. பல வகைகளைச் சேர்த்துப் படிக்கும்போது ஒன்றை ஒன்று காவல் காக்கும். எங்கட நிரலில் 'அலுவலகம் குளம் ஆகாது' என்று ஒரு வரி போட்டதும் கண்டாவளை தப்பியது.

அப்போது சந்தோசப்பட்டேன். பிறகு யோசிக்க யோசிக்க அது எங்கட ஊருக்கு ஒத்துவராது போலிருக்கிறது. 'குளம் என்றால் ஊர் இல்லை' என்று அடுத்த விதி போடப் போனோம். அக்கராயன் குளமும்தான், ஊரும்தான். வவுனிக்குளமும் அப்படி. வன்னியில் குளத்தைச் சுற்றித்தான் ஊர், குளத்தின் பெயர்தான் ஊருக்கு. வேறு ஒரு நாட்டில் இருந்துகொண்டு இந்த விதியை எழுதுகிற ஆளுக்கு அது நியாயமாகத்தான் தெரியும்.

இன்னொரு விதி, ஓர் ஊர் ஒரு மாவட்டத்தில்தான் இருக்கலாம் என்பது. இதுவும் பார்வைக்கு நியாயம். கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது, அதற்குப் பிறகு தனி மாவட்டம். முல்லைத்தீவு மாவட்டம் 1978இல் வந்தது. ஆகவே 1970களில் எழுதிய ஒரு நூல் கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டம் என்றால் அது பொய் இல்லை, அன்றைக்கு உண்மை. விதி என்ன செய்யும்? இரண்டில் எது அதிகம் தடவை வருகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதைக் குப்பையில் போடும். 2012இல் தொடங்கிய விக்கித்தரவு என்ற திறந்த தகவல் களஞ்சியத்தில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஒரு தகவலுக்குப் பக்கத்தில் எந்த ஆண்டில் இருந்து எந்த ஆண்டு வரை என்று போடலாம், ஒரே விசயத்துக்கு இரண்டு விடையையும் மூலத்தோடு வைத்திருக்கலாம். ஆனால் அதை ஓர் ஆள் இருந்து போட வேண்டும்.

எண்களிலும் இதே கரைச்சல். இரணைமடுவின் கொள்ளளவு ஓர் இடத்தில் 131 மில்லியன் கன மீற்றர், இன்னோர் இடத்தில் 106,500 ஏக்கர் அடி. சண்டை மாதிரித் தெரியும், பெருக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்று. ஒரு ஏக்கர் அடி கிட்டத்தட்ட 1,233 கன மீற்றர்.

பெப்ரவரி 20

வவுனியாவில் இருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறா: 'நூறு தளத்தில் ஒரே மாதிரி இருந்தால் அது சரியாகத்தானே இருக்கும், அவ்வளவு பேரும் பிழை விடுவார்களா?'

அக்கா, இந்த முழு விசயத்திலும் முக்கியமான இடம் இதுதான். நூறு தளம் என்பது நூறு சாட்சி இல்லை. ஒருவர் எழுதியதைத் தொண்ணூற்றொன்பது பேர் வெட்டி ஒட்டியிருந்தால் சாட்சி ஒன்றுதான். வன்னி பற்றிய பக்கங்களில் இது சர்வ சாதாரணம், எழுதுகிறவர் குறைவு, எடுத்துப் போடுகிறவர் கனக்க. கால்புள்ளி கூட மாறாமல், எழுத்துப்பிழையோடு அப்படியே வந்திருக்கும்.

அந்த எழுத்துப்பிழையில்தான் பிடி இருக்கிறது. பரீட்சை மண்டபத்தில் நின்ற எந்த ஆசிரியருக்கும் தெரியும், இரண்டு பிள்ளைகள் ஒரே சரியான விடை எழுதினால் அது ஒன்றையும் காட்டாது, இரண்டு பேரும் ஒரே விசித்திரமான பிழையை ஒரே இடத்தில் விட்டிருந்தால் வாங்கைத் தள்ளிப் போடவேண்டும். லூனா டோங் என்பவரும் கூட்டாளிகளும் 2009இல் இதையே கணக்காக்கினார்கள். இரண்டு தளங்கள் பொதுவாகச் சரியானதை வைத்திருந்தால் அதற்குப் பெரிய பெறுமதி இல்லை, பொதுவாகப் பிழையை வைத்திருந்தால் ஒன்று மற்றதைப் பார்த்து எழுதியிருக்க வாய்ப்பு அதிகம், ஆகவே அதன் வாக்கைக் குறை. பிறகு அவர் கூகிளில் இருந்தபோது, 2014இல், அந்த நிறுவனம் நொலிச் வோல்ட் (Knowledge Vault) என்று ஒன்றை விவரித்தது, இணையத்தில் பிடுங்கிய ஒவ்வொரு தகவலுக்கும் இது உண்மையாக இருக்க எவ்வளவு சாத்தியம் என்று ஓர் எண் போடுகிற களஞ்சியம்.

கணக்கு நல்லது. ஆனால் அது வேலை செய்ய, பார்த்து எழுதாத ஒருவராவது இருக்க வேண்டும். எல்லாரும் ஒரே பக்கத்தைப் பார்த்திருந்தால் எதை எதோடு ஒப்பிடுவது?

பெப்ரவரி 21

மேலே சொன்னதற்கு உள்ளூர் உதாரணம் கேட்டார்கள். வெள்ளைக்காரரை எதிர்த்த வன்னி அரசன் பண்டார வன்னியனை எடுங்கள். ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட கற்சிலைமடுவில் வெள்ளைக்காரர் நாட்டிய ஒரு நினைவுக் கல் இருந்தது. அதில் ஆங்கிலத்தில் உள்ளது ஒரே வசனம்: இந்த இடத்துக்கு அண்மையில் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டார வன்னியனைத் தோற்கடித்தார், 1803 ஒக்ரோபர் 31. தோற்கடித்தார். கொன்றார் என்று கல் சொல்லவில்லை.

இப்போது தேடிப் பாருங்கள். ஒக்ரோபர் 31 அவர் இறந்த நாள் என்று எத்தனை பக்கம். இன்னொரு பக்கம் 1803 ஓகஸ்ட் 25, அவர் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பீரங்கிகளைக் கைப்பற்றிய நாள். அதை வெற்றி நாளாகக் கொண்டாடுகிறவர்கள் உண்டு, அதையே நினைவு நாள் என்று எழுதுகிறவர்களும் உண்டு. நினைவு நாள் என்று வாசித்த கணினி அதை இறந்த நாள் பெட்டிக்குள் போட்டால் அதைக் குறை சொல்ல என்னால் முடியாது, ஆண்டோடு மாதமும் திகதியும் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, பெட்டியில் 'பிறப்பு', 'இறப்பு' என்று இரண்டு கட்டம்தான் இருக்கிறது, 'தோற்ற நாள்' என்று கட்டம் இல்லை.

வசனத்தைக் கட்டத்துக்குள் அடைக்கும்போது வினைச்சொல் கழன்று விழுகிறது. மனிசரும் அதைத்தான் செய்திருக்கிறோம், கணினி வருவதற்குக் கன காலம் முன்பே.

பெப்ரவரி 27

'அண்ணை, பழங்கதை போதும், இப்ப இருக்கிறது எப்படி வாசிக்குது' என்று துணுக்காய்த் தம்பி.

அன்றைக்குப் போனில் விடை சொன்னது போன்ற இப்போதைய மொழி மாதிரிகளில் கட்டமே இல்லை. அடுத்த சொல் என்ன வரும் என்று ஊகிக்க விட்டு, பிழைத்தால் உள்ளே இருக்கிற கோடிக்கணக்கான எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்கிறார்கள். தகவல் என்று தனியாக ஒன்றும் எழுதி வைக்கப்படுவதில்லை, அந்த எண்களில் கரைந்து கிடக்கிறது. அதனால் பேச்சு சரளமாக வரும், கண்டாவளைச் செயலகம் குளம் என்று சொல்லாது. ஆனால் அடித்தளத்தில் அதே எண்ணிக்கைதான். 2022இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது, ஒரு கேள்விக்குரிய ஆவணங்கள் பயிற்சித் தரவில் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு விடை சரியாக வருகிறது, குறைந்தால் விழுகிறது. கொழும்பைப் பற்றிக் கேட்டால் ஒரு விடை, முழங்காவிலைப் பற்றிக் கேட்டால் வேறு ஒரு தரத்தில் விடை, இரண்டும் ஒரே குரலில், ஒரே நிச்சயத்தோடு. அந்தக் குரல்தான் ஆளை ஏமாற்றுகிறது. எங்கட பிள்ளைகளின் நிரலாவது எவ்வளவு நிச்சயம் என்று பக்கத்தில் ஓர் எண் போட்டது.

2023இல் இன்னொன்று கண்டுபிடித்தார்கள். 'அ என்பவர் ஆ' என்ற வசனத்தில் பயிற்றினால், 'ஆ யார்' என்று திருப்பிக் கேட்கும்போது தடுமாறுகிறது. ஒரு திசையில் வாசித்தது மறு திசையில் தானாக வராது. எங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும், ஆனால் நான் பாடமாக்கின நேர அட்டவணையும் அப்படித்தான், திங்கள் மூன்றாம் பாடம் என்ன என்றால் சொல்லுவேன், பத்தாம் ஆண்டுக்கு எப்போது என்றால் முதலில் இருந்து ஓட வேண்டும்.

மார்ச் 2

ஒரு முக்கியமான விசயத்தை ஒருவரும் கேட்கவில்லை. எங்கட ஆக்கள் எழுதியதே இல்லை என்று நினைக்க வேண்டாம், நிறைய எழுதியிருக்கிறார்கள், பாமினியில்.

இங்கே பாடசாலை, அலுவலகம், அச்சகம் எல்லாம் எத்தனையோ வருடமாகப் பாமினி எழுத்துரு. விழா மலர், பாடசாலைச் சஞ்சிகை, கூட்ட அறிக்கை, கோவில் வரலாறு. திரையில் தமிழ். எழுத்துருவைக் கழற்றினால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்ற சொல்லைப் பாமினியில் அடித்துவிட்டுப் பார்த்தால் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. வாசிக்க வருகிற கணினிக்கு அது எந்த மொழியும் இல்லை, குப்பை என்று தள்ளிவிட்டுப் போகும். மாற்றுகிற கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, ஒட்டினால் ஒருங்குறியில் (யூனிகோட்) வரும். இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொல் வந்தால் அதையும் தமிழாக்கித் தரும், அதைக் கையால்தான் திருத்த வேண்டும்.

அதற்கு மேலே, படமாக மட்டும் இருப்பவை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பெருந்தொகையாகப் பக்கம் பக்கமாக வருடப்பட்டு இருக்கின்றன. மனிசர் வாசிக்கலாம். கணினிக்கு அந்தப் பக்கம் படம், படத்தில் இருக்கிற எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி ஊடாகப் போன பிறகுதான் எழுத்து. 2009இல் வன்னியில் அழிந்த தாள்களுக்கு அதுவும் இல்லை.

மார்ச் 5

'அப்ப என்ன எழுதலாம்' என்று கேட்டவர்களுக்கு: பெரிதாக ஒன்றும் வேண்டாம். உயர்தரப் பிள்ளைகளுக்கு இந்தத் தவணைச் செயற்திட்டமாக ஊர்க் குளத்தைக் கொடுத்திருக்கிறேன். எந்த ஆற்றுப் படுகை, எத்தனை ஏக்கர் பாயும், எப்போது கட்டு உடைந்தது, எப்போது திருத்தினார்கள், யார் சொன்னது. பார்த்து எழுதக் கூடாது, கேட்டு எழுத வேண்டும். ஒருங்குறியில் அடிக்க வேண்டும். 'இது' 'அது' என்று தொடங்காமல் ஒவ்வொரு வசனத்திலும் குளத்தின் பெயர் வரவேண்டும், கேட்க அலுப்பாக இருக்கும், ஆனால் வசனத்தைத் தனியாகப் பிடுங்கினாலும் எதைப் பற்றியது என்று தெரியும்.

முதல் கட்டுரை வந்துவிட்டது. ஒரு சின்னக் குளம், ஒரு பிள்ளையின் தாத்தா 120 ஏக்கர் என்கிறார், கமக்காரர் அமைப்பின் பழைய செயலாளர் 90 என்கிறார், மிச்சம் காடாகிவிட்டதாம். பிள்ளை எதைப் போடுவது என்று கேட்டாள். இரண்டையும் போடச் சொன்னேன், யார் சொன்னது, எந்தக் காலத்துக் கணக்கு என்று பக்கத்தில் எழுதி. கமநல சேவை நிலையத்துப் பதிவில் மூன்றாவதாக ஒரு எண் இருக்கிறதாம், திங்கட்கிழமை அவள் தகப்பனோடு போய்ப் பார்க்கிறாள்.